முனிலட்சுமியின் விசில்

என் வீட்டுக்காரி முனிலட்சுமி விசிலடிப்பாள். நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து ஒரு விசில் விட்டாளென்றால், ஓசூரில் எந்தத் தியேட்டராக இருந்தாலும் பால்கனியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பொம்பளை விசிலடிக்கலாமா என்று கேட்கிற ஆசாமிகள் இன்றைக்கும் உண்டு. அவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். "உனக்கு வருதா? எங்க, அடி பாக்கலாம்." வராது. காற்றுதான் வரும். எனக்கும் காற்றுதான் வரும், அதை யாரும் கேட்பதில்லை.

அவள் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம். காட்டை ஒட்டிய ராகிக் கொல்லை. கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்கும். பரண்மேல் காவலிருக்கிறவர்கள் அடுத்த கொல்லைக்குத் தகவல் சொல்வது விசிலில்தான். நீளமாக இழுத்துக் கடைசியில் மேலே தூக்கினால், "ஆனை வந்துருச்சு, உஷார்." வெட்டி வெட்டி மூன்று தடவை அடித்தால், "போயிருச்சு, எறங்கி வா." அந்த ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது நீளமானதைத்தான். உயிர் சமாச்சாரம் ஆச்சே! சந்தோஷ விசிலை அப்புறம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

கல்யாணமாகி ஓசூர் வந்தவள் அந்த மூன்று வெட்டு விசிலைத் தியேட்டருக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் கியர் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், அவள் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சினிமா. தமிழ்ப் படம் என்றால் ஊருக்குள், கன்னடம் என்றால் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, தெலுங்கு எங்கே ஓடினாலும் அங்கே. விசிலுக்கு என்ன பாஷை?

ஆனால் அவள் விசில் ஹீரோவுக்கு இல்லை. ஒருமுறை கெலமங்கலம் பக்கம் ஒரு கல்குவாரியில் ஷூட்டிங். வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். குருமூர்த்தி என்ற சண்டைக்காரர் ஹீரோவின் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கோடு பாறைமேலிருந்து விழுந்தார். சரியாக வரவில்லை, மறுபடி விழு என்றார்கள். விழுந்தார். முழங்கையில் வழிந்த ரத்தம் சட்டையில் படாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து, "தண்ணி இருக்காம்மா?" என்றார். இவள் பாட்டிலை நீட்டினாள். அதற்கப்புறம் ஹீரோ குடைக்கடியில் நடந்து வந்து, தூசி தட்டிக்கொண்டு எழுந்திருப்பதை மட்டும் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவளுக்குக் குருமூர்த்திதான் ஹீரோ. படம் முடிந்து எல்லோரும் வாசலுக்கு முண்டியடிக்கும்போது இவள் மட்டும் உட்கார்ந்து, திரையில் ஓடும் பெயர்களில் அவர் பெயரைத் தேடுவாள். வந்ததும் மூன்று விசில். அதுவரை பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு காத்திருப்பார்கள்.

டிவியில் அவார்டு நிகழ்ச்சி வந்தால் வீடு ரணகளம்தான். "சிரிச்சவனுக்கு அவார்டு, அழுதவளுக்கு அவார்டு, பாட்டுக்கு வாயசைச்சவனுக்கும் அவார்டு. விழுந்தவனுக்கு எங்கடா அவார்டு?" என்று டிவியைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்பாள்.

"டிவிக்குக் காது இல்லம்மே," என்பேன்.

"உங்களுக்கு மட்டும் இருக்குதாக்கும்!"

அவள் கேட்பது நியாயம்தான். எங்கள் பொழப்பும் அப்படித்தானே? ரோட்டில் வண்டி ஓடினால் ஆஹா என்று பார்க்கிறார்கள், உள்ளே இருக்கிற கியரை எவன் பார்த்தான்?

எங்கள் ஒரே மகள் வினோதாவுக்கு மட்டும் அம்மாவின் விசில் ஆகாது. அவள் எட்டாவது படிக்கும்போது கூடப் படிக்கிற பையன்கள் தியேட்டரில் முனிலட்சுமியைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் வினோதா பள்ளிக்கூட கேட்டுக்குள் கால் வைத்ததும் ஆளுக்கொரு விசில். அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தவள், அதற்கப்புறம் அம்மாவோடு சினிமாவுக்கு வந்ததே இல்லை. "அவ கெடக்கறா," என்பாள் இவள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் டிக்கெட் எடுக்கப் போகும்போது, "மூணா, ரெண்டா?" என்று கேட்காமல் விடமாட்டாள். ரெண்டுதான் என்று அவளுக்கும் தெரியும்.

அந்த வினோதா எஞ்சினியரிங் முடித்து மலேசியாவில் வேலைக்குப் போனாள். எங்கள் தெருவிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் பெண் என் மகள். போன வருஷம் எங்களைக் கூப்பிட்டாள். பெங்களூர் டிராஃபிக்கில் ஊர்ந்து தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேர்ந்த அலுப்பில், அதற்கு மலேசியாவே பக்கம் என்று தோன்றிவிட்டது. பத்துமலை முருகனைக் கும்பிட்டோம். இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. முனிலட்சுமிக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. அந்த வாரம் கோலாலம்பூரில் தமிழ்ப் பட அவார்டு விழா. சண்டைக் கலைஞருக்கென்று அதில் முதன்முதலாக ஒரு அவார்டு வைத்து, அதைக் குருமூர்த்திக்குக் கொடுக்கிறார்கள். ஓசூரில் இருக்கும்போதே அவளுக்கு இது தெரியும். அவள் ஃபிளைட் ஏறியதே அதற்குத்தான்.

டிக்கெட் ஏற்பாடு செய்தது வினோதாவின் ஆபீஸில் பெரிய பதவியில் இருக்கிற சுஜாதா மேடம். அவரும் எங்கள் வரிசையிலேயே உட்காரப் போகிறார். கிளம்புகிற நேரத்தில் வினோதா அம்மாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அங்க விசிலடிக்க மாட்டன்னு சத்தியம் பண்ணும்மா. மேடம் பக்கத்துல இருப்பாங்க. நாளைக்கு நான் ஆபீஸ்ல தலை நிமுந்து நடக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, உங்கம்மா என்ன திருடவா போறா?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க," என்று முனிலட்சுமி என்னை அடக்கினாள். "அடிக்க மாட்டன்டி. உன் தலைமேல சத்தியம்."

பிள்ளை தலைமேல் வைத்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் பக்கம் எந்தத் தாயும் அதை மீறமாட்டாள். அது தெரிந்துதான் மகள் கேட்டாள்.

ஹால் பிரம்மாண்டம். ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. ஹீரோக்கள் வர வர அலறல்தான். முனிலட்சுமி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குருமூர்த்தி பெயரைச் சொல்ல மேடையில் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும், சொல்லி வைத்த மாதிரி ஒரு இளம் ஹீரோ பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். அவ்வளவுதான்! மொத்த ஹாலும் செல்போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இந்தப் பக்கம் குருமூர்த்தி மேடை ஏறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். அவரைப் பார்க்க ஒரு நாதி இல்லை. நான் கை தட்டினேன். அது எனக்கே கேட்கவில்லை.

முனிலட்சுமியின் விரல் உதடு வரைக்கும் போயிற்று. மகளைப் பார்த்தாள். விரல் இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நீங்களாச்சும் அடிங்களேன்," என்றாள் என்னிடம்.

அடித்தேன். எச்சில்தான் தெறித்தது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணி அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் போனேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது பக்கத்தில் கிளம்பியது ஒரு விசில். நீளமாக இழுத்து, கடைசியில் மேலே தூக்கி, ஹாலின் கூரைவரை போய் முட்டியது. அடித்தது வினோதா. எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலையும் வாயில் வைத்து அடித்தாள். ஹால் கப்சிப். அந்த ஹீரோவே திரும்பிப் பார்த்தார். குருமூர்த்தி மேடை நடுவில் நின்று, நெற்றியில் கை வைத்து எங்கள் பக்கம் தேடினார். பிறகு அவார்டை எங்களை நோக்கித் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம்தான் கைதட்டல் வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது!

முனிலட்சுமி மகளின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அடியே, அது ஆனை வந்தா அடிக்கறதுடி!"

"எனக்கு அது ஒண்ணுதாம்மா தெரியும்," என்றாள் வினோதா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். "மத்தது கத்துக்கறதுக்குள்ள உங்கிட்ட கோவிச்சுக்கிட்டனே."

"அதனால என்ன, சரியாத்தான் அடிச்சிருக்க. ஆனைதான வந்திருக்காரு!"

சுஜாதா மேடம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வினோதா, யாரு சொல்லிக்கொடுத்தது இது?"

"எங்கம்மா ஊர்ல கத்துக்கிட்டது மேடம். எங்கம்மா அடிச்சா இதவிட நல்லா இருக்கும்," என்றாள் என் மகள், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

நான் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டேன். ஏசியில் என்ன வேர்வை என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வினோதா லீவில் ஓசூர் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கிளம்பினோம். நான் கவுண்டருக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன், எப்போதும் கேட்கிற கேள்விக்காக. முனிலட்சுமி கேட்கவே இல்லை. வினோதாவின் தோளில் கை போட்டபடி, அங்கிருந்தே மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள்.