நியூட்ரலில் இறங்கியவன்

என் மனைவி பன்னிரண்டு வருடமாக நான் ஓட்டும் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் இது ஊரறிந்த செய்தி. பத்துப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி, ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். அத்தனை பேர் நம்பிய கையை, என்னைக் கட்டிக்கொண்டவளே நம்பவில்லை என்றால் எப்படி இருக்கும்? எரியும். பன்னிரண்டு வருடமும் எரிந்தது.

தப்பு என்னுடையதுதான். எங்கள் ஸ்டாண்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவோம். டீசல் மிச்சம். இன்ஜின் இரைச்சல் அடங்கிவிடும். டயர் உருளும் சத்தமும் காற்றும்தான் கேட்கும். எந்த வளைவில் கியரை எடுத்தால் எதுவரை ஓடும், ஆள் நிறைந்திருந்தால் எவ்வளவு, காலி வண்டி என்றால் எவ்வளவு என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆபத்து என்று தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.

குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு இறங்கிய நாளிலும் அதையே செய்தேன். அவள் என் மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்கு மாமாதான். இன்ஜின் சத்தம் அடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கியரைப் போடு."

"சும்மா வா புள்ள. எனக்குத் தெரியாதா?"

அடுத்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. சூடேறிப்போன பிரேக் பாதிதான் பிடித்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் ஜீப் நின்றது. அவள் கத்தவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், பட்டுச்சேலையோடு இறங்கினாள், லோயர் கேம்ப் வரை நடந்தே போனாள். நான் பக்கத்திலேயே முதல் கியரில் ஊர்ந்துகொண்டு கெஞ்சினேன். கீழே பஸ் ஏறும் முன்னால் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே நீ ஓட்டுற வண்டியில ஏறுனேன்னா, என்னைய ஏன்னு கேளு."

நாற்பத்தொரு வயதில் என் முதுகு ஜீப்பை மறுத்தது. உத்தமபாளையத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மலை ரோட்டை மறந்துவிடச் சொன்னார். தெரிந்தவர் ஒருவர் மூலமாக, எல்லைக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கும் ஓர் ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்றில் வேலை கிடைத்தது. கயிறு போடுகிற வேலை. படகு துறைக்கு வந்ததும் குதித்து இறங்கிக் கட்ட வேண்டும், கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும். படகு ஓட்டுகிறவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். அவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் தோரணையை இரண்டு வருடம் கீழிருந்து பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. வண்டி ஓட்டிய கைக்குக் கயிறு போதவில்லை. உரிமத்துக்கான பயிற்சியில் பேர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன்.

அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "படகுலயும் நியூட்ரல் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப வெளங்கிரும்." கையை உதறிவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உன் வாய நம்ப மாட்டேன். ஆபீசரு பாத்து, இவரு ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாகன்னா, அன்னைக்கு ஏறுறேன்."

எனக்கு அது போதும். ஸ்ராங்கு வேலை, தோரணை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் தேடிப் போனது அந்தக் கையெழுத்தைத்தான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கேரளத்துக் காயல் பக்கத்திலிருந்து வந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் என்னிடம் சக்கரத்தைக் கொடுத்துத் துறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். துறை கண்ணில் பட்டதுமே கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளிவிட்டது. படகு கொஞ்ச தூரம் நேராக வந்தது. அப்புறம் பக்கக் காற்று படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பியது. சக்கரத்தை முழுக்கச் சுற்றினேன், படகு கேட்கவில்லை. வலது கால் பலகையை ஓங்கி ஓங்கி மிதித்தது. பிரேக் தேடியிருக்கிறேன்! கூடப் பயிற்சிக்கு வந்த ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சேட்டா, இது ஜீப்பல்ல. போட்டாணு," என்றார் டீச்சர். ஜீப் இல்லை, படகு என்கிறார். பிறகு கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பின்னால் சுழலும் புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர் சுக்கானில் மோதினால்தான் படகு திரும்பும். நியூட்ரலில் அந்தத் தண்ணீர் நின்றுவிடும். துறைக்கு மிக அருகில் வந்த பிறகுதான் நியூட்ரல். உடனே ரிவர்ஸைத் தொட்டு நிறுத்த வேண்டும். புரிந்தது. மண்டைக்குத்தான் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

முதல் தேர்வில் அந்தக் கை என்னைக் கவிழ்த்துவிட்டது. ஆபீசர் பக்கத்தில் நின்ற பதற்றத்தில் முப்பது அடிக்கு முன்னாலேயே நியூட்ரல். படகு குறுக்காகப் போய்த் துறைத் தூணில் இடித்தது. அவருடைய குடை தண்ணீரில் விழுந்தது. குடையை எடுத்துக் கொடுத்தேன், தேர்ச்சியை அவர் கொடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பினால் ஸ்டாண்டில் எனக்கு முன்பே செய்தி வந்திருந்தது. "ஏலே, எந்திரிச்சு வழி விடுங்கடா, கேப்டன் வந்தாக!" என்று ஒருவன் எழுந்து சல்யூட் அடித்தான். டீ கிளாஸை நான் வைத்த வேகத்தில் பெஞ்சு முழுக்க டீ. அன்றைக்குக் கோபத்தில் வீடு வரை வேகமாக நடந்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த பரிச்ச எப்ப?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என் பயிற்சி நோட்டு அவள் கைக்குப் போனது. திராட்சை மண்டியில் பெட்டி கட்டிவிட்டு வருகிறவள், சமைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள். படகுக்கு இடப்பக்கம் என்ன விளக்கு? சிவப்பு. வலப்பக்கம்? பச்சை. ஒலிச் சைகைகள்தான் எனக்குக் குழம்பின. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குக்கர் ஒரு விசில் அடித்தால் நான் எங்கே இருந்தாலும் "வலது பக்கம் திரும்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு விசிலுக்கு "இடது பக்கம் திரும்புகிறேன்." மூன்றுக்கு "பின்னால் இழுக்கிறேன்." கொண்டைக்கடலை வேகிற நாளில் ஐந்து விசில். அதற்கு, "உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை." பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "வீட்டுல எல்லாம் சுகந்தானே?" என்று கவலையோடு விசாரித்தார்.

கைக்கு டீச்சர்தான் வைத்தியம் பார்த்தார். துறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "ஆயில்ல, ஆயில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். மூன்று மாதத்தில் அந்தக் குரல் என் கைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது தேர்வுக்கும் அதே ஆபீசர் வந்தார். குடையைப் படகுக்குள் கொண்டுவரவில்லை. கரையிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறினார். நான் அதைக் கவனிக்காததுபோல நின்றேன். நடு ஏரியில், பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் இடத்தில், ஆரஞ்சு நிற மிதவை வளையம் ஒன்றைப் பின்பக்கம் வீசினார். அதுதான் தண்ணீரில் விழுந்த ஆள். திரும்பிப் போய்க் கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் ஓட்டியவர் வேகமாகப் போய் வளையத்தைத் தாண்டிவிட்டார். அடுத்தவர் சரியாகத்தான் போனார், ஆனால் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது. வளையத்தின் கயிறு அதில் சிக்கி அறுந்தது. "ஆளைக் கொன்னு" என்றார் ஆபீசர், ஆளைக் கொன்றாயிற்று என்று.

என் முறை வந்தது. புது வளையத்தை வீசினார். நான் சுற்றி வந்து காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பினேன். படகில் ஒன்பது பேர். எதிர்க்காற்று. அந்தக் கனத்துக்கு, இந்த வேகத்தில், எவ்வளவு தூரம் ஓடும்? இந்தக் கணக்கைத்தானே பத்துப் பதினைந்து வருடம் குமுளி மலையில் தினமும் போட்டேன்? நியூட்ரலில் தள்ளினேன். வளையம் இன்னும் இரண்டு படகு நீளத்துக்கு அப்பால் இருந்தது. டீச்சர் திடுக்கிட்டு எழுந்ததைப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் அடங்கியது; தண்ணீர் பக்கவாட்டில் சலசலப்பது மட்டும் கேட்டது. காற்று நேர் எதிரே இருந்ததால் மூக்கு விலகவில்லை. படகு ஓய்ந்து, ஓய்ந்து, வளையத்தின் பக்கத்தில் போய் நின்றது. நான் குனிந்து கையால் எடுத்தேன்.

ஆபீசர், "எவிடெ படிச்சதா இது?" என்று கேட்டார். எங்கே படித்தாய் என்கிறார்.

"குமுளி மலையில, சார்."

துறைக்குத் திரும்பும்போது கை அவசரப்படவில்லை. தூணில் கட்டியிருந்த டயரைப் படகு லேசாகத் தொட்டு நின்றது. ஆபீசர் இறங்கிக் குடையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. மறைக்கவும் இல்லை.

உரிமம் வந்த அன்று ஸ்டாண்டுக்குப் போனேன். "வாங்க கேப்டன்" என்றான் அதே சல்யூட்காரன். இந்த முறை நான் உட்கார்ந்து அவனுக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

வீட்டில் அவள் உரிமத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "போட்டோவுல களவாணி மாதிரி இருக்க. கையெழுத்து எங்கன இருக்கு?" காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உயிர்காப்பு உடையின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஏரியைச் சுற்றி முடிக்கும் வரை வாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. துறை பக்கத்தில் வந்தது. நியூட்ரலில் தள்ளினேன். இன்ஜின் சத்தம் அடங்கியது. அந்த அமைதியை அவள் மறந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நாற்பது பயணிகளுக்கு மத்தியில் அவள் குரல் கேட்டது.

"மாமா, கியரைப் போடு!"

நான் திரும்பவில்லை. ரிவர்ஸைப் போட்டுக்கொண்டே ஹாரனை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"பின்னால இழுக்குறாரு," என்று பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் அவள் விளக்குவது கேட்டது. "ஒண்ணும் பயப்படாதீக."

படகு டயரைத் தொட்டு நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"எறங்கு புள்ள, கரை வந்துருச்சு."

அவள் வாரை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள். "எதுக்கு எறங்கணும்? அடுத்த டிரிப்பு எப்ப?" என்றாள்.