நூறு ரூபாய் எலுமிச்சம்பழம்

அன்றைக்கு ஏலத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். பெரிய கங்காணி. அவர் பின்னால் வந்த, அவருக்குக் கீழே ஆள் மேய்க்கிற சில்லறைக் கங்காணிமார் நான்கு பேர். அலவத்துகொடையில் அரிசிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கெல்லாம் அரிசிக்கடை நானா. நான் வேலை செய்த காப்பி ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், கையில் நன்கொடைப் பட்டியலோடு. பூசை வைக்கிற பண்டாரம். தப்பு அடிக்க வந்தவர். என் மனைவி. நான். அவ்வளவுதான். கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறுகிற வழியில் முனியாண்டிக்கு வேல் நட்ட இடம் அது. மழை தூறியதால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இப்படித் தலையை எண்ணி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அப்படி ஓர் ஏலமே நடக்கவில்லை என்று பெரிய கங்காணி பிறகு கண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் மேல் எனக்கிருந்த பகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து எழுத எனக்கு வராது. ஊரில் இரண்டரை வருஷம் மணலில் எழுதிப் படித்தவன் நான். வாத்தியாருக்கு அளக்க நெல் இல்லாமல் போனதும் படிப்பு நின்றது. பதினாலு வயதில் அண்ணனோடு, காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த இந்தக் கங்காணியின் கூட்டத்தில் சேர்ந்து இங்கே வந்தேன். மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தோம். மாத்தளை தாண்டியதும் அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. அலவத்துகொடையில் ஒரு பலாமரத்தடியில் அவனைக் கிடத்தச் சொன்னார் கங்காணி. பக்கத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்தார்கள். "நாளைக்கு ஆளு அனுப்புறேன், நட" என்று என் பிடரியைப் பிடித்துத் தள்ளினார். ஆள் போகவில்லை. மூன்று வருஷம் கழித்து, நான் தோட்டத்தை விட்டுக் கண்டி டவுனில் காப்பிச் சாக்குகளுக்கு மார்க்கு எழுதுகிற வேலைக்கு வந்த பிறகுதான், அரிசிக்கடை நானாவின் வாயால் மிச்சத்தைக் கேட்டேன். அவர்தான் அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றியவர். மறுநாள் மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்ததாம். "தம்பி வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தானாம். நானாவும் இரண்டு ஆட்களும் குழி வெட்டி அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. அண்ணனை இங்கே கொண்டுவர ஆன வழிச்செலவைக் கங்காணி என் பேரில் எழுதிவிட்டார். வழியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு வழிச்செலவு. இரண்டு வருஷம் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்தப் பலாமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட வேண்டும் என்று முதலில் சொன்னது நானாதான். நடக்க முடியாதவர்கள் படுக்க இடம், கஞ்சி, கொதித்து ஆறிய தண்ணீர். நிலத்தை அவரே கொடுத்தார். மற்றதற்கெல்லாம் காசு வேண்டும். கிளாக்கர் இங்கிலீசில் ஒரு நன்கொடைப் பட்டியல் எழுதி என்னைத் துரைமார் பங்களாக்களுக்கு அனுப்பினார். ஒருவர் ஒரு ரூபாய் போட்டார். ஒரு பங்களாவில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அந்த ரூபாயைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். வழியில் விழுந்துவிட்டதோ என்று மூன்று தடவை நின்று பார்த்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு வெறும் சிரட்டையை எடுத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போனோம். தப்புக்காரர் தப்பை அடித்துக் கூட்டம் சேர்ப்பார். நான் சிரட்டையைத் தூக்கிப் பிடித்து, "எங்க அண்ணனுக்கு இவ்வளவு தண்ணிதான் வச்சிட்டு வந்தாங்க" என்று மட்டும் சொல்வேன். வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சனங்களில் யாரையாவது வழியில் விட்டுவிட்டு வராதவர்கள் குறைவு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சிரட்டை நிறைய அரிசி கொட்டினார்கள். ஒரு பெண் தன் புருஷனுக்கென்று ஒரு சிரட்டை, பிள்ளைக்கென்று ஒரு சிரட்டை அளந்துவிட்டு உள்ளே போனாள். ஆறு மாதத்துக் கஞ்சிக்கு அரிசி சேர்ந்தது. ஆனால் அரிசியை வைத்து மரம் வாங்க முடியாது. காசு இருந்தது கங்காணிமாரிடம். அவர்கள் சிரட்டையைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அதனால்தான் கொட்டிலுக்கென்று ஏலம் வைத்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் அது. பூசை முடிந்ததும் வேல் முனையில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்கு அந்த வருஷம் பேர். ஏலத்தில் சொன்ன தொகையைக் கட்டாதவர் பேரைப் பாக்கியோடு சேர்த்து ஒவ்வொரு பூசையிலும் உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் திருநீறு கொடுப்பார்கள். இந்த இரண்டாவது பாதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெரிய கங்காணிக்கும் தெரியும். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

பண்டாரம் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அரை ரூவா" என்று ஆரம்பித்தார். சில்லறைக் கங்காணி ஒருவர் ஒரு ரூபாய் என்றார். பெரிய கங்காணி குடைக்குள் நின்றபடி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அஞ்சு. முடிச்சுக் குடுங்க, மழை வருது" என்றார்.

"பத்து" என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். என் மாதச் சம்பளம் ஒன்பது ரூபாய்.

"யாருடா அது, சாக்குக்காரனா? சாக்குல மை பூசுறவனுக்குப் பத்து ரூவா எலுமிச்சங்காயா? ஊறுகா போடப் போறியா?"

அவருடைய ஆட்கள் நான்கு பேரும் சிரித்தார்கள்.

"நீங்க கேளுங்க கங்காணியாரே. ஏலம்னா எல்லாரும் கேக்குறதுதானே."

"பதினஞ்சு."

"இருபது."

என் மனைவி முழங்கையால் இடித்தாள். "வாயை மூடுங்க. வீட்டுல பத்து சதம் இல்ல. என் தோட்டைக் கழட்டுனாலும் நாலு ரூவா பெறாது" என்று பல்லுக்குள்ளே சொன்னாள். கங்காணி நிறுத்திவிட்டால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு தொகைக்கும் கணக்குப் போட்டேன். இருபதென்றால் இரண்டு மாதம் பட்டினி. நாற்பதென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டும். அறுபதைத் தாண்டியபோது கணக்கை விட்டுவிட்டேன். ஆனாலும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் "நாளைக்கு ஆளு அனுப்புறேன்" என்ற குரல்தான் எனக்குக் கேட்டது. அடுத்த தொகை தானாக வந்தது.

"எழுபத்தஞ்சு" என்றார் அவர்.

"எண்பது."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பண்டாரம் என்னைப் பார்த்து, "எண்பது ஒருதரம்" என்றார். மழை கொஞ்சம் வலுத்தது. "எண்பது ரெண்டுதரம்." என் மனைவி என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். அண்ணன் கடன் போதாதென்று இதையும் தலையில் வைத்துக்கொண்டேனே என்று நினைத்தேன்.

அப்போதுதான் அரிசிக்கடை நானா மெதுவாகப் பேசினார். "விடுங்க கங்காணியார். ஒங்களுக்குக் கஷ்டம் ஈக்கும். சாக்குக்காரத் தம்பி எடுத்துட்டுப் போகட்டும். நாளைக்கு மாத்தளை றோட்டுல நாங்க சொல்லிக்கிறோம், கங்காணியாரை விட சாக்குக்காரன் பெரிய கைன்னு."

"நூறு!" என்று கத்தினார் பெரிய கங்காணி. குடை சரிந்து அவர் தலைப்பாகை நனைந்தது.

நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். பண்டாரம் மூன்று தரம் சொல்லி முடிக்கும் வரைக்கும் மூச்சுகூட விடவில்லை. கிளாக்கர் பட்டியலை மழை படாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "ஓம், எழுதிப் போட்டன். தேசிக்காய் ஒண்டு, ரூபா நூறு. இனி ஒருத்தரும் மாத்திக் கதைக்க ஏலாது" என்றார். கங்காணி முப்பது ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். மிச்சத்தை மாசியில் தருவதாகச் சொன்னார்.

மாசி வந்தது, போனது. கேட்கப் போன நானாவிடம்தான் ஏலமே நடக்கவில்லை என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அந்த எழுபதை நம்பி நானா மரத்தையும் கூரைக்கு இலுக்குப் புல்லையும் கடனுக்கு எடுத்துக் கொட்டிலைப் போட்டு முடித்திருந்தார். பண்டாரம் அங்கேயே தங்கிக் கஞ்சி காய்ச்ச ஒத்துக்கொண்டார். நானாவின் கடை கடனில் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது. இந்த ஆள் இப்படியும் தப்பித்துப் போகிறானே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முனியாண்டி பூசைக்கு அவர் வருவதை நிறுத்திவிட்டார். வராதவர் பேரைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? அதனால் கூப்பிடுகிற இடத்தை மாற்றினேன். கூட்டம் கூட்டமாக நடந்து வருகிற அத்தனை பேரும் கொட்டிலைத் தாண்டித்தான் கண்டிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கஞ்சி ஊற்றுமுன் பண்டாரம் அவர் பேரையும் தோட்டத்தையும் சொல்லிக் கூப்பிடுவார்: "இந்தக் கொட்டிலுக்கு நூறு ரூவா சொன்னாரு. முப்பது குடுத்தாரு. எழுபது பாக்கி. குடிங்க சாமி, குடிங்க." ஞாயிற்றுக்கிழமைகளில் நானாவின் வண்டியில் போய் நானே கூப்பிட்டேன். அந்த நாட்களில் என் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டு மாதத்தில் அவருக்கு "எழுபது" என்றே பேராகிவிட்டது. லயத்தில் பெண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், "எழுபது வர்றாரு, பிரட்டுக்கு ஓடு" என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு நாள் பத்து ரூபாய் வந்தது, ஆள் மூலமாக. அன்றைக்கே தொகையைத் திருத்திக் கூப்பிட்டோம். பேரும் "அறுபது" ஆயிற்று. பிறகு பன்னிரண்டு வந்தது. "நாப்பத்தெட்டு" என்றார்கள். இன்னொரு பத்து. நேர்மையாகத்தான் குறைத்தோம். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் எனக்கு ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது. முழுக்கக் கட்டிவிட்டால் அப்புறம் எதைக் கூப்பிடுவது?

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், அவரே ஒரு புதுக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது பேர் இருக்கும். முன்னால் ஒரு மேளக்காரனை விட்டு, நாங்கள் கூப்பிடுவது காதில் விழாதபடி அடித்து நொறுக்கச் சொல்லியிருந்தார். றோட்டின் மறு ஓரமாக, நிற்க விடாமல் ஓட்டினார். கஞ்சிப் பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு தடவை உட்கார்ந்தாள், இரண்டு தடவையும் தூக்கி விட்டார்கள். நான் கொட்டில் வாசலில் நின்று, "முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு!" என்று மேளத்துக்கு மேலே கத்தினேன். அந்தப் பெண்ணை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டே கத்தினேன்.

கூட்டம் வளைவில் மறைந்ததும் நானா கேட்டார்: "தம்பி, இப்ப நீ எத்தனை பேருக்குத் தண்ணி குடுத்தாய்?"

நான் கஞ்சிப் பானையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் ஓட்டுறது ஒன்ட வாய்க்குப் பயந்து. காயுறது அவன்ட தொண்டையா?"

வண்டியைப் பூட்டிக்கொண்டு போனோம். வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் தனியாகக் கிடந்தாள். அவள் பக்கத்தில் சிரட்டைகூட இல்லை. கொட்டிலுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்திருந்தார் பண்டாரம். பிழைத்துக்கொண்டாள். பிழைக்காமல் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் கங்காணி எங்கள் ஸ்டோருக்கு வந்தபோது நானே போய் எதிரில் நின்றேன்.

"ஒங்க ஆளுங்கள கொட்டில்ல நிக்க விடுங்க. நாங்க கூப்பிட மாட்டோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்குத் தீந்துச்சுன்னு சொல்லு. நிக்க விடுறேன்."

"தீரல்லியே."

"முப்பத்தெட்டு ரூவாய்க்கு நீ எம்புட்டு நாளைக்குடா குரைப்ப?"

"குரைக்க மாட்டேன்னுதான் சொல்றேன். தீந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். பட்டியல்ல அடிக்கவும் விட மாட்டேன்."

கடைசியில் ஒத்துக்கொண்டார். தண்ணீர் கொடுக்காமல் ஓட்டுகிற கங்காணி என்று பேராகி, ஆட்கள் வேறு கங்காணிமாரிடம் போக ஆரம்பித்திருந்தார்கள். அதன் பிறகு அவருடைய கூட்டங்கள் நின்றன, குடித்தன, படுத்து எழுந்தன. அவர் மட்டும் றோட்டிலேயே குடையோடு நிற்பார். ஒரு மடக்கு வாங்கிக் குடித்ததில்லை. நானும் கொடுக்கச் சொன்னதில்லை.

பிறகு காப்பி இலையில் நோய் விழுந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஸ்டோரில் சாக்குகள் மார்க்கு இல்லாமல் கிடந்தன. ஒரு நாள் அவர் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கிறாரா, செத்தாரா, தெரியாது. நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை. அரிசிக்கடை நானா மரக்கடனைத் தன் லாபத்திலிருந்து கட்டி முடித்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொட்டிலில் கூப்பிட மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நிழலில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இதனால் யாருக்கும் தண்ணீர் நின்றுபோகாது. பெரிய கங்காணி சொன்னது நூறு ரூபாய். கொடுத்தது அறுபத்திரண்டு. பாக்கி முப்பத்தெட்டு ரூபாய்.