அக்காவுக்குச் சீராகக் கொடுத்த எட்டு நாள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு, அரியலூரில் அக்காவைக் கொடுத்திருந்த வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போய் நின்றேன். கரும்பு இல்லை, பித்தளைப் பானை இல்லை, சேலை இல்லை. அக்காவின் மாமியார் என் பின்னால் யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"பொறந்த வூட்டுல இந்த வருஷம் மறந்துட்டாங்களா தம்பி?"

"இல்லங்க அத்தை. பொங்கல் கழிஞ்சதும் அக்காவ எட்டு நாளைக்கு அரும்பாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க பக்கத்துத் தெரு மரச்சிற்பப் பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். அக்கா அங்க உக்காந்து செதுக்கணும். அதுதான் சீரு."

அத்தான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாதவர். அன்றைக்குக் கோபப்பட்டார். "புள்ளையப் பறிகொடுத்தவளுக்கு மரவேலையா? என்ன மாப்ள வெளையாட்டு இது?"

விளையாட்டில்லை. அவர்களுடைய ஒரே மகன் ஐந்து வயதில் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா அழுது யாரும் பார்க்கவில்லை. ஆள் நிறைந்த வீடு அது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் காபி போட்டாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு மரத்தில் ஆசை. அடுப்புக்குப் போகிற விறகில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்து, அரிவாள் முனையால் குதிரையும் வண்டியுமாகச் சீவுவாள். மகன் விளையாடியதெல்லாம் அவள் செய்ததுதான். அவன் போன பிறகு விறகு விறகாகவே எரிந்தது. முந்தைய பொங்கலுக்கு நான் கொடுத்த சேலை மடிப்புக்கூடக் கலையாமல் பெட்டியில் கிடந்தது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் போறேன்."

பட்டறை ஆசாரி தயங்கினார். "பொம்பளைங்க உளி புடிச்சு இங்க பழக்கமில்ல வாத்தியாரே. உக்காரட்டும், பாப்போம்." வாகைப் பலகைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அக்கா முதல் நாளே இடது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பலகையில் ஓர் இலை தெரிந்தது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் அங்கே இருந்தேன். இலையின் நரம்பைக் கீறிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடியும் விரலைக் கிழித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை அவளிடம் நான் கேட்டதேயில்லை. பட்டறையில் செதுக்கிக்கொண்டிருந்த ஐந்து ஆட்களின் கையும் நின்றுபோனது. அந்த அமைதியில் அவள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் அடைத்து, இரண்டு வருஷமாக விழுங்கியதைப் போலவே இதையும் விழுங்கப் பார்த்தாள்.

ஆசாரி திரும்பாமலே சொன்னார். "ஏன் நிறுத்துனீங்க? தட்டுங்கப்பா."

தட்டினார்கள். வேலைக்கு வேண்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். நானும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் ஒன்றை எடுத்துக் கழிவுக் கட்டையில் அடித்தேன். அந்த இரைச்சலுக்குள் அக்கா வாய்விட்டு அழுதாள். அரைமணி நேரம் இருக்கும். யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உளியைத் தேடினாள்.

எட்டாம் நாள் அவளை அரியலூரில் விட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அத்தான் கூட வந்தார். சனிக்கிழமை நடந்ததை வழியில் சொன்னேன். பஸ் வந்து, நான் படியில் கால் வைத்தபோதுதான் வாய் திறந்தார்.

"எனக்கு உளியெல்லாம் புடிக்கத் தெரியாது மாப்ள. சும்மா ஒரு ஓரமா உக்கார வுடுவாங்களா?"

அந்தப் பிள்ளைக்கு அப்பா என்று ஒருவர் இருப்பது, இரண்டு வருஷம் கழித்து, அந்தப் படியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. கண்டக்டர் விசில் அடித்தார். நான் காலைக் கீழே வைத்தேன். பஸ் போனது.