கத்திய வண்டியும் கத்தாத வண்டியும்

மோட்டார் சைக்கிளுக்கு அலாரம் வைப்பது உபயோகமா, தண்டமா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. வைத்தவன் நான். அது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவனும் நான். அப்படியும் தெரியாது. எண்பதுகளின் நடுவில், நெய்வேலிச் சுரங்கத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்த விஷயம் இது. இத்தனை வருஷம் யோசித்ததில் தலை சுற்றியதுதான் மிச்சம்.

எங்கள் செக்‌ஷனிலும் பக்கத்து செக்‌ஷனிலும் சேர்ந்து ஒரு கூட்டமாக ஒரே ஏஜென்டிடம் வண்டிக்குப் பதிந்தோம். மொத்தமாகப் பதிந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட யோசனை. வண்டிகள் ஒரே லாரியில் வந்து இறங்கின. எல்லாம் கறுப்பு. அது போதாதென்று, கொஞ்சம் ஓடித் தேய்ந்த பிறகு ஒருவன் சாவி இன்னொருவன் வண்டிக்குப் பொருந்த ஆரம்பித்தது. நாங்கள் இதற்குக் கவலைப்படவில்லை, வசதி என்று சந்தோஷப்பட்டோம். சாவியைத் தொலைத்தவன் அடுத்த பிளாக்கில் போய் நண்பன் சாவியை வாங்கிக்கொண்டு வருவான். வெளியூரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பிறகு நாங்கள் வண்டி விடும் ஸ்டாண்டிலிருந்து இரண்டொரு வண்டிகள் காணாமல் போயின. அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. மெயின் பஜாரில் வண்டிக்கு வயரிங் வேலை செய்பவரிடம் போனேன். அவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து ஹாரனோடு இணைத்துக் கொடுத்தார். சென்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கினால் ஹாரன் விடாமல் அலறும். சீட்டின் அடியில் விரல் மட்டும் நுழையும் இடத்தில் ஒரு சுவிட்ச். முதலில் அதைத் தட்டிவிட்டால் சத்தம் வராது. அந்த இடம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் வாரம் முழுக்க நானே சுவிட்சை மறந்து வண்டியை அலற வைத்தேன். சுரங்க வாசலுக்கு வெளியே குத்தகைக்காரர் ஒருவர் நடத்திய ஸ்டாண்ட் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அந்தச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். ஸ்டாண்டுக்காரர் ஓடிவருவார், என் முகத்தைப் பார்ப்பார், சிரித்துவிடுவார். "சாருதானா? நான் எவனோன்னு நெனச்சேன்" என்று திரும்பிப் போவார். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். சித்திரை வெயில். ஷிப்ட் விடும் நேரத்தில் அந்த ஸ்டாண்டில் நின்று மூச்சு விடக்கூட இடமிருக்காது, ஆளை ஆள் தள்ளிக்கொண்டு போவார்கள். என் வண்டி காலையில் நான் விட்ட வரிசையில் இருந்தது. சீட்டுக்கு அடியில் விரலை விட்டேன். சுவிட்ச் இல்லை. கையை முழுசாக விட்டுத் துழாவினேன். பெட்டியே இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை விட்டுவிட்டு அலாரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போகிற திருடனும் உண்டா? பயந்துகொண்டே வண்டியை இறக்கினேன். சத்தம் இல்லை. சாவி போட்டேன், திரும்பியது. ஒரு உதையில் கிளம்பியது. ஸ்டாண்டுக்காரரோடு சண்டை போட வேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். வழி நெடுக அந்தத் திருடனைத் திட்டிக்கொண்டே குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தேன்.

என் மனைவிக்கு ஈரோட்டுப் பக்கம். எதற்கும் பதறமாட்டாள். வண்டிப் பக்கவாட்டில் தொங்கிய துணிப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, முந்திரிப் பழம் வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எங்கே வாங்கினேன்?"

"பை நெறைய இருக்குதுங்களே."

ஆக, திருடன் அலாரத்தை எடுத்துக்கொண்டு முந்திரிப் பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் ஒரு நிமிஷம் இதையே நான் வாதாடினேன். அவள் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். "நம்பர் பாருங்க. இது நம்ம வண்டியே இல்லீங்க."

வாங்கிய நாளிலிருந்து நான் என் நம்பர் பலகையைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பிடாமல் திரும்பினேன். வெயிலைவிட வேறொன்று சுட்டது. ஓட்டுவது அடுத்தவன் வண்டி. யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வேன்? யாரும் கேட்கவில்லை. வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கையை வேறு ஆட்டினார்கள்.

ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தூரத்திலேயே சத்தம் கேட்டது. என் வண்டி! பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் அலறல் முனகலாகியிருந்தது. சுற்றிக் கூட்டம். தூணோரமாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். காக்கிச் சட்டைப்பை கிழிந்து தொங்கியது, கன்னம் வீங்கியிருந்தது.

ஸ்டாண்டுக்காரருக்கு என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "சார், உங்க அலாரம் சும்மா சொல்லக்கூடாது சார். வண்டிய எறக்குனான், கத்திச்சு, கையும் களவுமா புடிச்சிட்டோம். எப்படி நிறுத்துறதுன்னு கேட்டா தெரியாதுன்னு சாதிக்கிறான். ரெண்டு போட்டும் சொல்லல. போலீசுக்கு ஆள் போயிருக்கு."

நான் விரலை விட்டு சுவிட்சைத் தட்டினேன். சத்தம் நின்றது. அந்த ஆள் நான் வந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதாங்க என் வண்டி" என்றான். "முத்தாண்டிக்குப்பம் பக்கங்க நானு. இங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்கறேன். மாத்தலாயிப் போன சாரு ஒருத்தரு வித்தாரு, வாங்கினேன். இன்னிக்கி வெளிய வந்து, என்துன்னு நெனச்சிகினு இத எறக்கிட்டேன். சாவியும் சேந்திடுச்சி."

அவன் வண்டியும் அந்த லாரியில் வந்ததுதான். நான் முதலில் அவனுடையதை எடுத்தேன், அது கத்தவில்லை. மிச்சமிருந்தது என்னுடையது. அவன் அதைத் தொட்டான், அது ஊரைக் கூட்டியது. எனக்கே இதை இரண்டு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு எப்படிப் புரியவைப்பேன்?

அவன் எழுந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "சார், எங்க நெலம் சுரங்கத்துக்குப் போயிடுச்சி. அதுக்குக் குடுக்கற பர்மனென்ட் வேல லிஸ்ட்ல இப்பத்தான் பேரு வந்துகீது. போலீஸ் வெரிபிகேஷன் வரும். ஸ்டேஷன்ல ஒருவாட்டி பேரு ஏறிச்சின்னா எங்க வூடே போச்சி சார். நீங்கதான் சொல்லணும்." அடி வாங்கியதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"யார் வண்டி திருடு போச்சு?"

"இவர் வண்டிங்க" என்று நான் அவனைக் காட்டினேன்.

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

அவர் அவன் கிழிந்த சட்டையைப் பார்த்தார், பிறகு என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார். "அப்ப இவனை எதுக்குப் புடிச்சு வச்சிருக்கீங்க?"

"இவன் சார் வண்டிய எடுத்தான்" என்றார் ஸ்டாண்டுக்காரர்.

"சார் வண்டி எங்க?"

"இதோ, இங்கதான் இருக்கு."

"எடுத்தாங்கறீங்க, இங்கயே இருக்குங்கறீங்க. என்னய்யா இது?"

நான் எரிச்சலோடு சொன்னேன். பேர் எழுதுவதாக இருந்தால் முதலில் என் பேரை எழுதுங்கள், வண்டியை ஸ்டாண்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனவன் நான், இவன் பத்தடிகூடத் தள்ளவில்லை என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சார் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். என்னைத் திருடன் என்று சொல்லிக்கொள்ள நான் கெஞ்ச வேண்டியிருந்தது, அப்படியும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வண்டிகளுக்கும் இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டிய பிறகுதான் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பெரிய மனுஷங்க, நம்பரைப் பாத்து எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, எதையும் எழுதாமல் டீக்கடைப் பக்கம் போனார். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடித்தவர்களில் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காதப்பா" என்றார். என்னிடம் வந்து, "அலாரம் எங்க சார் வச்சீங்க?" என்று விசாரித்தார்.

அந்த வாரத்தில் எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் அலாரம் வைத்துக்கொண்டார்கள். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டேன். ஆனால் வீட்டில் சும்மா கிடந்த பெட்டியைப் பார்க்கப் பார்க்க மறுபடி குழப்பம். அது தன் வேலையைச் சரியாகத்தானே செய்தது? அவன் வண்டியில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இறக்கியதுமே கத்தியிருக்கும், இத்தனை கூத்தும் நடந்திருக்காது. அப்படியென்றால் வேண்டியது அவனுக்குத்தான் என்று ஒருவழியாக முடிவு செய்தேன்.

சில மாதங்கள் கழித்து அவனுக்குப் பர்மனென்ட் ஆனது. ஸ்டாண்டில் பார்த்து, பெட்டியை நீட்டி, நானே மாட்டித் தருகிறேன் என்றேன். அவன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரித்த முகத்தோடுதான் திருப்பிக் கொடுத்தான்.

"வேணாம் சார். இது என் வண்டியிலேர்ந்து கத்தினாலும், ஓடியாறவங்க மொதல்ல என்னத்தான் புடிப்பாங்க."