முப்பத்தாறில் முப்பத்துநாலு காளான்

1991இல், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், எனக்கு நான் பெரிய கலைஞன் என்ற நினைப்பு வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. மறுநாள் பென்னலூரில் எங்கள் வீட்டில் மனைவிக்கு வளைகாப்பு. அதற்காகக் கம்பெனி நண்பனிடம் கேமராவும் ஃபிளாஷும் இரவல் வாங்கி, முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலும் போட்டு வைத்திருந்தேன்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "எங்கம்மா எனக்கு வளையல் போடறத மட்டும் எடுத்துடுங்க. வேற எது வுட்டாலும் பரவால்ல." அவள் அம்மா, என் அத்தை, கணவனை இழந்தவர். அவர் சடங்கில் கை வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுக்க, "எங்கம்மா போடலன்னா எனக்கு வளையலே வாணாம்" என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்திருந்தாள்.

நான் என்ன செய்தேன்? கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கத்துக் காட்டுக்குப் போனேன். மக்கிய கட்டை ஒன்றில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாகக் காளான்கள். சேற்றில் குப்புறப் படுத்தேன். ஒன்று எடுத்தேன். அடடா! இன்னொன்று, இன்னும் ஒன்று என்று இருபதைத் தாண்டினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பதறி ஓடிவந்தார்.

"இன்னா சார், மயக்கமா?"

"காளானை போட்டோ எடுக்கறேன்."

"துன்றதா அது?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

எனக்கு ரோஷம் வந்தது, இன்னும் பத்து எடுத்தேன். எழுந்தபோது கேமராவில் எண் முப்பத்துநாலில் நின்றது. புது ரோல் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவும் பூட்டு; மறுநாள் அது திறக்குமுன்பே வளைகாப்பு. இரண்டு மீதி இருக்கிறதே, அத்தைக்கு ஒன்று போதாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் மனைவியைத் தனியாக ஒன்று எடுத்தேன். உடனே என் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீசையைத் தடவி, "எட்றா" என்றார். அவரிடம் மறுக்க எனக்குத் தைரியம் ஏது? ரோல் முடிந்தது. எல்லோரும் போட்ட பிறகு அத்தை கூச்சத்தோடு வந்தார். வளையலை மகள் கையில் பாதி ஏற்றி, அசையாமல் என்னைப் பார்த்தார். ஃபிளாஷின் பொத்தானை மட்டும் அமுக்கினேன். பளிச்சென்றது.

"வுழுந்துச்சா மாப்ள?"

"வுழுந்துச்சு அத்தை."

இந்த வாயை ஊசி நூலால் தைத்திருக்க வேண்டும்.

கழுவி வந்த படங்களில் முப்பத்துநாலும் மங்கல். அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸ் தெளிவாக எடுக்காது என்பதுகூட இந்த மேதாவிக்குத் தெரியவில்லை. மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா எங்க?" என்றாள். உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை, அழுதாள். வெட்கத்தில் செத்தேன்.

குழந்தை பிறந்த பிறகு புது ரோலோடு மனைவியின் பிறந்த வீட்டுக்கு, மணிமங்கலம் போய், அத்தையிடம் நானே ஒப்புக்கொண்டேன். அவர் உள்ளே போய், வளைகாப்பன்று கட்டிய அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பேத்தியை மடியில் வைத்திருந்த மகளின் கையில் வளையலைப் பாதி ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அமுக்கினேன்.

அத்தையை எடுத்த ஒரே படம் அதுதான். கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வாய் திறந்திருக்கிறதே, சிரிக்கிறாரா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சிரிப்பில்லை. அந்த நொடியில் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உள்ள ரோல் கீதா மாப்ள?"