கோ முருகையாவின் ஏரி

முருகையா அண்ணன் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி மகன் போனில் சொன்னபோது நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். "சரிப்பா, வர்றேன்" என்றேன். பிறகு சோற்றை வடித்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. வராததை வந்ததாக எழுதினால் அவரே கிண்டல் செய்திருப்பார்.

பபேடான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பழைய மாணவர்களான உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அலோன் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பர்மியத்தில் 'கோ' என்றால் அண்ணன்; ஊர் முழுக்க அவர் கோ முருகையா. வகுப்பில் பூகோளம் அவருக்கு, இலக்கணம் எனக்கு. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னைப் பர்மியத்தில் 'சயாமா', அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுவார். வாதத்தில் தோற்கப் போகிறார் என்றால் உடனே அவருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

வகுப்புச் சுவரில் அவர் வரைந்த உலகப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து நாடுகளுக்கு நடுவில் நீலமாகக் கிடந்த இடத்தில் 'காஸ்பியன் ஏரி' என்று தூரிகையால் எழுதினார். நான் விடவில்லை. தண்ணீர் உப்பு, அலை அடிக்கிறது, கப்பல் ஓடுகிறது, உலகமே கடல் என்கிறது, நமக்கு மட்டும் என்ன ஏரி என்று கேட்டேன்.

"சுத்தியும் கரை, சமுத்திரத்தோட சேராத தண்ணி. கப்பல் ஓடுனா கடலா? நம்ம இன்யா ஏரியிலயுந்தான் படகு போகுது, அது என்ன சமுத்திரமா?" என்றார். அந்தக் கரையில் எப்போதோ காஸ்பி என்ற மக்கள் வாழ்ந்தார்கள், மக்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தண்ணீருக்கு நின்றுவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். கடல் என்றால் ஒரு பங்கு, ஏரி என்றால் வேறு பங்கு என்று அடியில் இருக்கும் எண்ணெய்க்காக அந்த ஐந்து நாடுகளும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியதையும் சொன்னார். "அவங்களுக்கே முடிவு தெரியல, நீங்க ஏன் சயாமா தீர்ப்பு சொல்றீங்க?"

அடுத்து வைத்த பரீட்சையில் பாதிப் பேர் 'காஸ்பியன் கண்' என்று எழுதியிருந்தீர்கள். ஏரிக்குப் பர்மியத்தில் 'கன்'. அதற்கு மூன்று சுழி போட்டுத் தமிழாக்கிவிட்டீர்கள். நான் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். அவர் தாளை இழுத்துக்கொண்டார். "உள்ள உப்புத்தண்ணி நிக்குதுல்ல? கண்ணுன்னே இருக்கட்டும். மார்க் போடுங்க." போட்டேன்.

ஏரி என்று அடம்பிடித்த காரணத்தையும் அன்றுதான் சொன்னார். அவருடைய ஒரே மகன் சேகருக்கு அந்தக் காஸ்பியனில்தான் வேலை, எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பலில். அவர் மனைவி பாக்கியம் அண்ணியின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகனையும் அனுப்ப மாட்டேன் என்று அண்ணி சாப்பிடாமல் கிடந்தபோது, "கடலில்ல பாக்கியம், ஏரி" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சேகரும் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டுத்தான் அம்மாவோடு வீடியோவில் பேசுவானாம். "அவ அந்தச் செவுத்தத் தாண்டித்தான் பிள்ளைங்களுக்கு டீ கொண்டாறா, சயாமா. எழுத்துக் கூட்டிப் படிச்சிருவா." அதற்குப் பிறகு நான் கடல் என்ற பேச்சை எடுக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு, அண்ணி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எங்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "எனக்கு என்ன ஆனாலும் சேகர வரச் சொல்லாதீங்க." படைக்கு ஆள் எடுக்கிற காலம் இது. ஊருக்கு வந்த வாலிபனைத் திரும்ப வெளியே விடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சேகர் வரவில்லை. கப்பல் நடுத்தண்ணீரில் நிற்கிறது, இறங்க முடியவில்லை என்று அண்ணியிடம் சொல்லிவைத்தார்கள். தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ படிச்சவ, சொல்லும்மா. அது ஏரிதானே? ஏரின்னா கரைக்கு வந்துரலாமே. அப்பனுக்குக் கொள்ளி வைக்க எம்புள்ள ஏன் வரல?"

 என் வாய் தானாகப் பேசியது.

"ஏரிதான் அண்ணி. ரொம்பப் பெரிய ஏரி. கரை தூரம்."

அண்ணி என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பொய்தான். அவர் அன்பாகச் சொன்ன அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை, ஆனால் இனி சொல்ல வேண்டியவள் நான். நீங்கள் துக்கம் விசாரிக்கப் போனால் அண்ணியிடம் ஏரி என்றே சொல்லுங்கள். இந்தத் தாளை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.