நாலாம் டேபிளின் சிவப்பு அம்பு

பெண்ணை முதன்முதலாகச் சந்திக்கும்போது என்ன பேச வேண்டும் என்று ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு அரைப் பக்கம் வசனம் எழுதிக் கொடுத்தவன் நான். நாடகத்துக்காக எழுதவில்லை. பெண்ணும் நிஜம், பையனும் நிஜம். ஐம்பது வயது தாண்டிய ஒருவன் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். இரண்டு வருடங்களுக்கு முன் வேலூரில் நடந்த ஒரு புத்தகக் கண்காட்சியில் இதைச் செய்தேன்.

வசனம் எழுத எனக்கு என்ன தகுதி? அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளில் ஆணும் பெண்ணும் முட்டிக்கொள்ளாமல் அறிமுகமானதே கிடையாது. மழையில் ஒரே குடை, பழுதான லிப்ட், ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கும் அறை. மோதுவார்கள், கண்ணும் கண்ணும் கலக்கும், தென்றல் வீசும். எக்ஸ்ரே அறையில்கூட வீசியது. இவற்றையெல்லாம் சேர்த்து நானே ஒரு தொகுப்பு அச்சடித்தேன். அது பெட்டி பெட்டியாக என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

பெண் என் தங்கையின் மகள். ஆம்பூரில் ஒரு பெரிய ஷூ கம்பெனியில் வேலை. வெளியூர் யூனிட்டுகளிலிருந்து தைத்து வரும் ஷூவின் மேல்பாகங்களைச் சோதிப்பாள். குறை உள்ள இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, காரணம் எழுதிய ரிஜெக்ட் சீட்டோடு திருப்பி அனுப்புவாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என் சட்டையில் பொத்தான் மாறியிருப்பதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடுவாள்.

அவளை மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாவது முறை, மாப்பிள்ளையின் அத்தை “கொஞ்சம் நடந்து காட்டும்மா” என்றார். அவளும் நடந்தாள். வாசலைத் தாண்டி, ஆட்டோ ஸ்டாண்டு வரை நடந்து, ஆட்டோ பிடித்துத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். தட்டில் பஜ்ஜி ஆறிப்போனது. அன்று ராத்திரி என்னிடம் போனில் சொன்னாள்: “இனிமே எவன் முன்னாடியும் போய் உக்கார மாட்டேன் மாமா. அம்மா இன்னா அழுதாலும் சரி. நீங்க இதுல சேராதீங்க. எங்கிட்ட டிராமா போடாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

சேர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். நல்ல பையன், அலட்டல் இல்லை. தங்கை மகளோ அவன் போட்டோவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். “நீ சொன்னா மட்டுந்தான்ணா கேப்பா. எதனா பண்ணு.”

எதாவது பண்ணு என்று ஒரு கதாசிரியனிடம் சொல்லவே கூடாது.

திட்டம் இதுதான். தற்செயலாக நடப்பதுபோல ஒரு முதல் சந்திப்பு. மகளை “புத்தகம் தூக்க ஆள் வேணும்” என்று சொல்லிக் கண்காட்சிக்கு அழைத்து வருவேன். ஒரு குறிப்பிட்ட கடையில், ஒரு குறிப்பிட்ட புத்தகத்தை நோக்கி இருவர் கையும் ஒரே நேரத்தில் நீளும். “அடடா, உங்களுக்கும் இது பிடிக்குமா?” என்று அவன் கேட்பான். அதற்குப் பிறகான வசனமெல்லாம் அரைப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குறிப்பிட்ட புத்தகம் என்னுடைய தொகுப்பு என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பையனிடம் பெண் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு தகவலே இல்லை. சென்னைக்காரர் ஒருவர் பஸ்ஸில் போகிறார் என்று சொல்வதுபோலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. அந்தக் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் என் புத்தகம் ஒரே ஒரு பிரதி, நடு அடுக்கில், அட்டை தெரியும்படி நின்றது. மகளை அதன் எதிரில் நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு சமையல் புத்தகத்தை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. என் கல்யாணத்தில்கூட இவ்வளவு அடிக்கவில்லை.

பையன் வந்தான். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். வசனம் அங்கேதான் இருந்தது. பிறகு கையை நீட்டினான்.

அவன் விரல் படுவதற்குள் குறுக்கே வேறொரு கை வந்தது. வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் என் புத்தகத்தை எடுத்தார், முன்னும் பின்னும் புரட்டினார், பில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். என் புத்தகத்தை முன்பின் தெரியாத ஒருவர் வாங்கியதை நான் கண்ணால் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சந்தோஷப்பட முடியாத நேரமாகப் பார்த்து வாங்கினார்.

நீட்டிய கையோடு பையன் நின்றான். வசனம் முழுக்க அந்தப் புத்தகத்தை நம்பி எழுதப்பட்டது. மகளோ அலமாரியையும் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலது ஷூவுல ஒரு ஸ்டிச் ஸ்கிப் ஆயிருக்கு” என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

அவனும் குனிந்து ஷூவைப் பார்த்தான். கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ. “ஸ்கிப் இல்லீங்க. லெதரு அந்த இடத்துல தடிமன் ஜாஸ்தி. இத ரிஜெக்ட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நானே சோல் ஒட்டிப் போட்டுக்கினேன். ரெண்டு வருசமாச்சு, ஒரு நூல் பிரியல.”

“யாரு ரிஜெக்ட் பண்ணது?”

“ஆம்பூர்ல ஒரு கம்பெனிங்க. செக்கிங்ல நாலாம் டேபிள்னு ஒண்ணு இருக்குது. அந்த ஆளு பொறக்கும்போதே பூதக்கண்ணாடியோட பொறந்திருக்கும். ஒரே நாள்ல இருவத்தி நாலு ஜோடி திருப்பி அனுப்பிச்சுது.”

மகள் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு ஸ்டிக்கர் பட்டையை எடுத்து, ஒன்றை உரித்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் குனிந்து, அவன் வலது ஷூவில் சிவப்பு அம்பை ஒட்டினாள்.

“நாலாம் டேபிள் நான்தான்.”

முடிந்தது கதை என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கே குறை குறித்துத் திருப்பி அனுப்பிய பெண் தமிழ்நாட்டில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சமையல் புத்தகத்தோடு ஓடினேன். அதற்குக் காசு கேட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்காரர் என் பின்னால் ஓடி வந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சண்டையின் உச்சக்கட்டத்தில் இருந்தார்கள்.

“அப்போ சீட்டுல ‘கண் டாக்டரப் பாக்கவும்’னு எழுதி அனுப்புனது நீங்களா?” என்றாள் மகள்.

“ஆமாங்க. ‘மெஷினுக்கு எண்ணெய் விடவும், மூளைக்கும்’னு எழுதுனது?”

“நான்தான்.”

ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கத்தில், பெயரும் முகமும் தெரியாமல், இரண்டு வருடமாக இவர்கள் சண்டை போட்டு வந்திருக்கிறார்கள். நான் முதல் சந்திப்பு எழுதிக் கொடுத்த ஜோடி இது.

என்னைக் கண்டதும் பையன் பதறிப்போனான். “சார், பேப்பர்ல இருந்தது ஒண்ணுகூட சொல்லல சார். மன்னிச்சிருங்க” என்று பையிலிருந்து அதை எடுத்தே விட்டான்.

மகள் வாங்கிப் படித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

“நீங்களுமா மாமா?”

அவ்வளவுதான் கேட்டாள். காசு கேட்க வந்த கடைக்காரர்கூடச் சும்மா நின்றார். அடுத்தவருக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தவனுக்கு, தனக்கு ஒரு வரி வரவில்லை.

காப்பாற்றியது அந்தப் பையன்தான். “இன்னொரு ஸ்டிக்கர் குடுங்க” என்று அவளிடம் கேட்டு வாங்கினான். என் வசனத்தாளின் முதல் வரியில் ஒட்டினான். “இது நெஜமாவே ரிஜெக்டுங்க. இத நான்கூட எதுத்துப் பேச மாட்டேன்.” அவள் சிரிக்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க யூனிட்டுக்குப் போறேன். அந்த மெஷினப் பாக்கணும்.”

“நானும் வரட்டா?”

“வேணாம்.”

நான் அதுவரை கேட்ட ‘வேணாம்’களிலேயே இனிப்பானது அதுதான். பஸ் கிளம்பியதும், அங்கேயே ஓரமாக நின்று தங்கைக்குப் போன் செய்தேன். எட்டு மாதத்தில் கல்யாணம். எனக்கும் மன்னிப்புக் கிடைத்தது, பந்தியில் அவளே வந்து இரண்டாவது முறை பாயசம் ஊற்றிய வடிவில்.

இப்போதும் கதை எழுதுகிறேன். இரண்டு பேர் சந்திக்கிற இடம் வந்தால் பேனா தயங்குகிறது. இவர்கள் காலையில் என்ன வேலைக்குப் போனார்கள், அந்த வேலை இவர்கள் கண்ணை எங்கே போகப் பழக்கியிருக்கிறது என்று யோசிக்கிறேன். தெரியாவிட்டால் எழுதுவதில்லை. தென்றல் முழுவதுமாக நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு வெகு நாள் முன்பே சிலர் சந்தித்துவிடுகிறார்கள்.

இந்த அனுபவத்தையே எழுதி முதல் ஆளாக மகளுக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு சிவப்பு அம்போடு திரும்பி வந்தது. ‘இருவர் கண்களும் ஒரு கணம் சந்தித்தன’ என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்த வரியின் மேல் அது இருந்தது.

“அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல மாமா” என்றாள். “அவரு என் மூஞ்சப் பாத்ததே அடுத்த வாரந்தான்.”